மாடியில பிசி, கீழ டிவி: கன்ட்ரோலரை எதுகூட பேர் பண்றது (ஜோடி சேர்க்கிறது)?

கேள்வி: சார், மாடி ரூம்ல கேமிங் பிசி, கீழ ஹால்ல ஆண்ட்ராய்டு டிவி. பிசில கேம் படத்தை அனுப்புற சன்ஷைன், டிவில அதை வாங்கிக் காட்டுற மூன்லைட் ஆப் போட்டு கேமை ஹாலுக்கு கொண்டு வந்துட்டேன், படம் சூப்பரா வருது. ஆனா எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் பிசியோட ப்ளூடூத்ல இருக்கிறதால கீழ வந்ததும் விட்டு விட்டு வேலை செய்யுது, ஸ்டிக்க விட்டாலும் ஆளு சுவத்துல முட்டிக்கிட்டு ஓடிட்டே இருக்கான். பெரிய ஆன்டெனா வச்ச ப்ளூடூத் டாங்கிள் (யூஎஸ்பில சொருகுற குட்டி ரிசீவர்) வாங்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: வாங்காதீங்க, காசே செலவில்லாம சரியாகுற விஷயம் இது. கன்ட்ரோலரை பிசில இருந்து எடுத்துட்டு டிவியோட பேர் பண்ணுங்க, அவ்ளோதான்.

ப்ளூடூத் தடையில்லாத இடத்துல சாதாரணமா 10 மீட்டர் வரைக்கும் தாங்கும், ஆனா உங்க வீட்டுல நடுவுல கம்பி போட்ட கான்க்ரீட் தளம் இருக்கே, எவ்ளோ பெரிய ஆன்டெனா வச்சாலும் அதோட மல்லுக்கட்டணும். டிவியோட பேர் பண்ணிட்டா நீங்க அமுக்குற பட்டன் சோபால இருந்து டிவி வரைக்கும்தான் ப்ளூடூத்ல போகும், அங்கருந்து மூன்லைட் அதை வாங்கி வீட்டு நெட்வொர்க் வழியா பிசிக்கு அனுப்பிடும், பிசில சன்ஷைன் ஒரு பொய் கன்ட்ரோலரை உருவாக்கி வச்சிருக்கும், கேம் பிசிலயே ஒரு கன்ட்ரோலர் சொருகியிருக்குன்னு நம்பிடும். பட்டன் டேட்டாவெல்லாம் துளியூண்டு, 20 எம்பிபிஎஸ்ல படமே ஒழுங்கா வர்ற நெட்வொர்க்குக்கு அது ஒரு சுமையே கிடையாது.

முதல்ல விண்டோஸ் ப்ளூடூத் லிஸ்ட்ல இருந்து கன்ட்ரோலரை ரிமூவ் பண்ணிடுங்க. அப்புறம் கன்ட்ரோலர் மேல கேபிள் சொருகுற ஓட்டைக்கு பக்கத்துல இருக்கிற குட்டி பட்டனை, லோகோ வேகமா மினுக்குற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சிட்டு டிவி செட்டிங்ஸ்ல புது டிவைஸ் தேடுங்க. பிஎஸ்4 கன்ட்ரோலர்னா பிஎஸ் பட்டனும் ஷேர் பட்டனும் சேர்த்து, பிஎஸ்5னா பிஎஸ்ஸும் கிரியேட்டும். சில டிவில வைப்ரேஷன் வராது, அதை மட்டும் பொறுத்துக்கணும்.

ஒண்ணு பாத்துக்கங்க, 2013ல வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர்ல ப்ளூடூத்தே கிடையாது. லோகோ பட்டனை சுத்தி இருக்கிற பிளாஸ்டிக், மேல் விளிம்புல ஆள்காட்டி விரல் படுற பம்பர் பட்டனோட ஒட்டி வந்தா பழசு, முன்பக்க பாடியோட ஒரே பீஸா இருந்தா ப்ளூடூத் உள்ளது.

இதுக்கப்புறமும் திக்குதுன்னா டிவி எந்த வைஃபைல இருக்குன்னு பாருங்க, பெரும்பாலும் அங்கதான் கோளாறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே அலைவரிசைல ஓடுறதுங்க, படம் நிக்காம வந்துட்டே இருக்கும்போது பக்கத்துலயே கன்ட்ரோலர் சிக்னல் நசுங்கிடும். டிவிய 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க, இல்லைன்னா லான் கேபிள் போடுங்க, டிவி போர்ட் 100 எம்பிபிஎஸ்தான்னாலும் தாராளம். பிசிக்கும் ரவுட்டருக்கும் நடுவுல எப்படியாவது கேபிள் இழுத்துடுங்க, ரெண்டு பக்கமும் வைஃபைன்னா ஒரே படம் காத்துல ரெண்டு தடவ போகணும். டிவில கேம் மோடும் ஆன் பண்ணுங்க, 60 ஃப்ரேம்ல ஒரு ஃப்ரேமுக்கு கிடைக்கிறதே 17 மில்லிசெகண்ட் கூட இல்ல, படத்தை மெருகேத்துறேன்னு டிவி அதுல பலமடங்கு நேரத்தை தின்னுடும்.

கேள்வி: என் கன்ட்ரோலர்ல ப்ளூடூத் இல்ல, கூட வந்த யூஎஸ்பி டாங்கிள்லதான் ஓடும். அதை டிவில சொருகலாமா?
- வாசகி, கோவை

பதில்: தாராளமா சொருகலாம், நிறைய டாங்கிளை ஆண்ட்ராய்டு டிவி அப்படியே எடுத்துக்கும். ஆனா டிவி முதுகுல சொருகினா சிக்னலுக்கு குறுக்க டிவியே நிக்கும், பக்கத்து போர்ட்ல யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் இருந்தா அதுல இருந்து கிளம்புற இரைச்சலும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான் விழும். சின்னதா ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை டிவிக்கு முன்னாடி, சோபாவ பாத்த மாதிரி வச்சிடுங்க.