வலியில்லாமல் வலுவிழந்த கை

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் இமாசலப் பிரதேசத்தில் ஆறு நாள் மலையேற்றத்தின்போது சுமார் 18 கிலோ எடையுள்ள பையைச் சுமந்திருக்கிறான். திரும்பியது முதல் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. வலி மட்டும் இல்லை. சுளுக்கு என்று இரண்டு வாரமாக எண்ணெய் தேய்த்து நீவுகிறோம். இடது தோள்பட்டை எலும்பு முதுகில் துருத்திக்கொண்டு தெரிகிறது. பள்ளிக்குப் பை சுமக்கும் இளையவளுக்கும் இப்படி வருமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சுளுக்கு வலிக்காமல் இராது. வலியின்றி வலு மட்டும் குறைந்திருப்பதால் நரம்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். வலி இல்லாததால்தான் பலரும் தாமதமாக மருத்துவரிடம் வருகிறார்கள்.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து புறப்படும் நரம்பு வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே புகுந்து கைக்கு இறங்குகின்றன. பையின் பட்டை மணிக்கணக்கில் தோளைக் கீழும் பின்னுமாக இழுக்கும்போது, அந்தப் பின்னலின் மேற்பகுதி நசுங்குவதோடு இழுபடவும் செய்கிறது. போர்ப்பயிற்சியில் மூட்டை சுமக்கும் இளம் வீரர்களிடம் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவரும் பாதிப்பு இது. அதே வேர்களிலிருந்து கிளைத்து மார்பின் பக்கவாட்டில் இறங்கும் ஒரு நீண்ட நரம்புதான், தோள்பட்டை எலும்பை விலாவோடு ஒட்டிப் பிடிக்கும் தசையை இயக்குகிறது. அது செயலிழந்தால் எலும்பு சிறகுபோல் எழும்பும். இரு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றித் தள்ளும்போது அது மேலும் துருத்தினால், ஐயம் வலுப்படும்.

நீவுவதை நிறுத்திவிட்டு, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தசை மின்பதிவுச் சோதனையில் நரம்பிழை அறுபட்டதன் அடையாளங்கள் தெளிவாகத் தெரிய மூன்று வாரமாவது ஆகும் என்பதால், இப்போதே எடுத்து ஒன்றுமில்லை என்று வந்தாலும் அதை முடிவாகக் கொள்ள வேண்டாம். நரம்பிழையைச் சுற்றியுள்ள உறை மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் சில வாரங்களிலிருந்து இரண்டு, மூன்று மாதங்களுக்குள் பெரும்பாலும் வலு திரும்பிவிடும். இழையே அறுந்திருந்தால், அது நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். அதுவரை அந்தத் தோளில் எந்தச் சுமையும் கூடாது. மூட்டு இறுகிவிடாதிருக்க இயன்முறைப் பயிற்சி மட்டும் தொடரட்டும்.

இளையவளைப் பற்றிய அச்சம் தேவையில்லை. பள்ளிப் பையால் கழுத்துவலியும் முதுகுவலியும் வரலாம், இத்தகைய செயலிழப்பு மிக அரிது. ஆயினும் பையின் எடை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை. மகன் குணமடைந்து மீண்டும் மலையேறுவதானால், இடுப்புப் பட்டை உள்ள பையாக வாங்கி, அந்தப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொள்ளட்டும். பலர் அதை அழகுக்கென்று நினைத்துத் தொங்கவிட்டுவிடுகிறார்கள்.