பஸ்ஸை மட்டும் வெட்டி எடுக்கலாமா?

வணக்கம் ஐயா,

உங்கள் பினாங்குக் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறேன். நான் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு கோலாலம்பூருக்கு வந்தவள். போன மாதம் அப்பாவின் பழைய தகரப் பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது ஓர் ஆல்பம் கிடைத்தது. அதில் ஆயர் ஈத்தாம் கடைப்பக்கம் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பாட்டியும் அம்மாவும் நிற்கிறார்கள், அம்மாவின் இடுப்பில் அக்கா. பின்னால் ஒரு பஸ், பாதிதான் தெரிகிறது. கூரையில் இரண்டு நீளக் கம்புகள். பஸ்ஸின் படியோரம் காக்கிச் சட்டைக்காரர் ஒருவரின் தோளும் கையும். அப்பா அந்த வண்டியை 'டிராம் பஸ்' என்றுதான் சொல்வார்.

என் மகன் அதை ஸ்கேன் செய்து, பழைய பஸ் படங்கள் சேகரிக்கும் அவனுடைய நண்பர்களிடம் காட்டினான். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அதில் ஒருவர், "ஆட்களை எடுத்துவிட்டு பஸ்ஸை மட்டும் பெரிதாக்கிக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார். மகனும் செய்து கொடுக்கத் தயார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஏன் என்று அவனுக்கு விளக்கவும் தெரியவில்லை.

அது டிராமா, பஸ்ஸா? கோலாலம்பூரிலும் இது ஓடியது என்கிறார் என் கணவர். உண்மையா? அம்மாவுக்கு இப்போது 88 வயது. இந்தப் படத்தை என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

ஒரு வாசகி, கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

வெட்ட வேண்டாம். இன்றைக்கே மகனிடம் சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு என் பெரியப்பா கதையைச் சொல்ல வேண்டும். முதலில் அந்த வண்டி.

அது டிராலி பஸ். டிராமையும் டிராலி பஸ்ஸையும் பிரித்துப் பார்க்க கூரையைப் பார்த்தாலே போதும். டிராம் தண்டவாளத்தில் ஓடுவது. மேலே உள்ள ஒரு கம்பியிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும், அது தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போய்விடும். அதனால் அதற்கு ஒரு கம்பு போதும். டிராலி பஸ்ஸுக்கு ரப்பர் டயர். மின்சாரம் தரை வழியாகத் திரும்ப வழி கிடையாது. ஆகவே மேலே இரண்டு கம்பிகள், அவற்றைத் தொட இரண்டு கம்புகள். உங்கள் அப்பா 'டிராம் பஸ்' என்று சொன்னதில் ஒரு வரலாறு இருக்கிறது. பினாங்கில் டிராம் ஓடிய பாதைகளில்தான் டிராலி பஸ் வந்தது. 1925ல் டிராலி பஸ் தொடங்கியது, 1936ல் டிராம் நின்றது. இடையில் பத்து வருடத்துக்கு மேல் இரண்டும் ஒரே ஊரில் ஓடியிருக்கின்றன. பார்த்த ஜனங்கள் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னதில் வியப்பில்லை.

படம் எந்த ஆண்டு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் டிராலி பஸ் கடைசியாக ஓடியது 1961 ஜூலை 31. அக்கா பிறந்த வருடத்தை இதோடு சேர்த்துப் பார்த்தால் படத்தின் காலம் இரண்டு மூன்று வருடத்துக்குள் அடங்கிவிடும். (46 வருடம் கழித்து அதே ஜூலை 31ஆம் தேதி, 2007ல், ரெப்பிட் பினாங்கு ஓடத் தொடங்கியது. அன்று ஜெட்டி பக்கம் நின்று புது பஸ்களைப் பார்த்தபோது எனக்குப் பழைய தேதிதான் ஞாபகம் வந்தது.) வண்டி ஒரு மாடியா, இரண்டு மாடியா என்பதையும் கவனியுங்கள். லண்டனில் ஓடி ஓய்ந்த இரட்டை மாடி டிராலி பஸ்கள் சிலவற்றை பினாங்கு வாங்கியது 1950களின் நடுவில். உங்கள் படத்தில் மேல்மாடி ஜன்னலின் ஓரமாவது தெரிந்தால், அந்த வண்டி லண்டன் மழையில் நனைந்துவிட்டுக் கப்பலேறி வந்தது. அப்படியென்றால் அங்கேயும் யாராவது அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கோலாலம்பூரைப் பொறுத்தவரை உங்கள் கணவர் சொல்வது சரியல்ல. அங்கே டிராமும் ஓடியதில்லை, டிராலி பஸ்ஸும் ஓடியதில்லை. மலாயாவில் பினாங்கில் மட்டும்தான். தெற்கே சிங்கப்பூரில் 1926லிருந்து 1962 வரை ஓடியது, ஒருவேளை அங்கே சிறு வயதில் பார்த்திருப்பார். கோலாலம்பூருக்கு வேறு சொத்து இருக்கிறது: பாஸ் மினி என்ற சிறிய பஸ். 1975 செப்டம்பரில் வந்து 1998 நடுவில் நின்றுபோனது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். தொடக்கத்தில் 40 காசு, முடிவில் 60 காசு. அந்த ரோஸ் நிற வண்டியில் வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்காத கோலாலம்பூர்க்காரர் அந்தத் தலைமுறையில் குறைவு. ஆனால் உங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு பாஸ் மினி படமாவது இருக்கிறதா, பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. தினமும் பார்ப்பதை யார் படம் எடுப்பார்கள்?

சரி, பெரியப்பா.

அவர் டிராலி பஸ்ஸில் கண்டக்டர். அந்தக் காலத்தில் ஊருக்கு மின்சாரம் கொடுத்ததும் அந்த மின்சாரத்தில் பஸ் ஓட்டியதும் ஒரே நகராட்சிதான். 'முனிசிபல் வேலை' என்றால் எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். காக்கிச் சட்டை, தோளில் காசுப் பை, கையில் டிக்கெட் பலகை. அதில் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு நிறத்தில் டிக்கெட் கட்டுகள் வரிசையாகச் செருகியிருக்கும். டிக்கெட்டில் துளை போடும்போது 'டிங்' என்று ஒரு சத்தம். துளையிலிருந்து விழும் வட்டத் துண்டுகளை எனக்காகக் காகிதப் பொட்டலத்தில் கொண்டுவருவார். பொங்கலுக்கு வாசலில் தூவி விளையாடுவோம்.

அவருடைய வேலையில் எனக்குப் பிடித்தது மூங்கில். ஜெட்டியிலிருந்து ஆயர் ஈத்தாம் போகிற வழியில் வளைவுகளிலும் சந்திப்புகளிலும், வண்டி கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் கூரைக் கம்பு மேலிருக்கும் கம்பியை விட்டு எகிறிவிடும். ஒரு நீலப் பொறி, பளிச்சென்று. உடனே விளக்கு அணையும், வண்டி சத்தமே இல்லாமல் நிற்கும். ஓடும்போதே அது பெரிய சத்தம் போடாத வண்டிதான். தெருவில் விளையாடும் எங்களுக்கு அது பின்னால் வருவதே தெரியாது, மேலே கம்பி 'ஸ்ஸ்ஸ்' என்று சீறுவதை வைத்துத்தான் ஒதுங்குவோம். வண்டி நின்றதும் பெரியப்பா குதித்து இறங்குவார். பக்கவாட்டில் செருகியிருக்கும் நீண்ட மூங்கிலை உருவி, நுனியிலுள்ள கொக்கியைக் கம்பில் மாட்டி, அண்ணாந்து பார்த்து, மெல்லக் கொண்டுபோய் கம்பியில் பொருத்துவார். ஒரு தடவையில் பொருந்திவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கை தட்டுவார்கள். மழை நாளில் மூங்கிலைத் தலைத்துண்டால் துடைத்துவிட்டுத்தான் தூக்குவார். பெரியம்மாவுக்கு மழை வந்தாலே பயம்.

டிராலி பஸ் நின்ற பிறகு அவர் டீசல் பஸ்ஸில் வேலை பார்த்தார். கம்பி போகிற இடத்துக்குத்தான் டிராலி பஸ் போகும். ஊர் வளர வளரப் புது வீடுகள் வந்த இடத்துக்கெல்லாம் கம்பி இழுக்க முடியாது அல்லவா? டீசல் பஸ்ஸை ஓர் இரவில் வேறு பாதைக்கு மாற்றிவிடலாம். அது அவருக்கும் புரிந்தது. ஆனாலும் டீசல் வண்டியைப் பற்றி அவர் ஒரு கதைகூடச் சொன்னதில்லை.

அவர் 1983ல் காலமானார். நாளிதழில் மரண அறிவிப்பு கொடுக்கப் படம் வேண்டும். வீட்டில் அவர் முகம் தெளிவாக இருந்தது ஒரே ஒரு படத்தில். டிராலி பஸ்ஸுக்கு முன்னால் நான்கு பேர் காக்கிச் சட்டையில், நடுவில் பெரியப்பா மூங்கிலோடு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்த அவசரத்தில் யாரோ கத்தரியை எடுத்து முகத்தை மட்டும் வட்டமாக வெட்டிவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. அறிவிப்பு வந்தது. வெட்டிய முகம் திரும்ப வரவில்லை.

மிச்சப் படம் இப்போது என்னிடம் இருக்கிறது. பஸ் முழுசாக இருக்கிறது. கூரையின் இரண்டு கம்புகளும் இருக்கின்றன. மூங்கிலைப் பிடித்த கை, மடித்துவிட்ட சட்டைக் கை, இடுப்புப் பட்டை எல்லாம் இருக்கின்றன. கழுத்துக்கு மேல் ஓர் ஓட்டை. பக்கத்தில் நிற்கும் மற்ற மூவருடைய முகமும் நன்றாகத் தெரிகிறது, பெயர்தான் தெரியவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் இருந்தபோது நான் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு பஸ் படம் சேகரிப்பவர்கள்மேல் வருத்தப்படாதீர்கள். நான் அவர்களை மிகவும் மதிக்கிறேன். எந்த ஊரில் எந்த வண்டி எந்த எண்ணோடு எந்த மாதம் வரை ஓடியது என்று எழுதிவைத்தவர்களில் பலர் அவர்கள்தான். காமிராவோடு வெயிலில் நின்று, ஆட்கள் விலகும்வரை காத்திருந்து, வண்டி முழுசாக விழும்படி எடுத்தார்கள். அவர்கள் எடுத்த படங்களில் வண்டியின் எண் இருக்கும், தயாரித்த நிறுவனம் இருக்கும், தேதி இருக்கும். ஏறி இறங்கியவர்கள் யார் என்பது இருக்காது. உங்கள் அப்பா எடுத்தது நேர் மாறு. அவருக்கு பஸ் ஒரு பொருட்டே இல்லை. மனைவி, மாமியாரோ அம்மாவோ, குழந்தை. பஸ் தற்செயலாகப் பின்னால் வந்து நின்றது. அந்தத் தற்செயல்தான் விலைமதிப்பு. அன்றைக்கு பெர்ரியில் கடலைக் கடந்து, ஜெட்டியில் டிராலி ஏறி, ஆயர் ஈத்தாம் வந்து, ஒருவேளை கொடிமலை ரயிலுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம் அதில் இருக்கிறது. ஆட்களை வெட்டினால் மிஞ்சுவது பாதி பஸ். முழு பஸ் படங்கள் அவர்களிடமே நிறைய இருக்கும். கேட்டவர் நல்ல மனசோடுதான் கேட்டிருப்பார். முழுப்படத்தையும் அனுப்பி, "இவர்கள் என் அம்மாவும் பாட்டியும் அக்காவும்" என்று எழுதுங்கள். சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்.

இப்போது செய்ய வேண்டியது. படம் ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ஜன்னலோரம் நேர் வெயில் படாத இடத்தில் வைத்து அப்படியே படம் எடுக்கலாம். தானாகக் கழன்று வந்தால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை இருக்கும், சில சமயம் அப்பா கையெழுத்தில் ஒரு தேதிகூட இருக்கலாம். பின்னால் எழுதுவதாக இருந்தால் பேனா வேண்டாம், மென்மையான பென்சில், அதுவும் ஓரத்தில். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், தகரப் பெட்டியில் திரும்ப வைக்காதீர்கள். ஸ்கேன் செய்யும்போது பெரிய அளவில் செய்யச் சொல்லுங்கள். பின்னணியில் கடைப் பலகைகள் இருக்கும். சீனம், ஜாவி, தமிழ் எது இருந்தாலும் படிக்க முடிய வேண்டும். கொம்தார் என்ற உயர்ந்த கட்டடத்தைக் கட்டியபோது ஜார்ஜ் டவுனில் சில தெருக்களின் அடையாளமே போய்விட்டது. அங்கே யாரோ எடுத்த கல்யாணப் படத்தின் மூலையில்தான் சில கடைகள் மிஞ்சியிருக்கின்றன.

அப்புறம், அம்மா. இதை இந்த வாரமே செய்யுங்கள். படத்தை அவர் கையில் கொடுத்து, எதுவும் கேட்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு நிறம் கேளுங்கள். பஸ்ஸின் நிறம், அவருடைய புடவையின் நிறம், குழந்தையின் சட்டை நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் இல்லாதது அவரிடம் இருக்கிறது. பிற்காலத்தில் பினாங்கில் பஸ்ஸை நிறத்தை வைத்துத்தானே சொன்னோம்? பத்து பெரிங்கி பக்கம் போக நீல பஸ், பாயான் லெப்பாஸ் போக மஞ்சள் பஸ். கம்பெனிப் பெயர் பலருக்குத் தெரியாது. அந்த நீல பஸ் கொட்டகை இன்று ஹின் பஸ் டெப்போ என்ற பெயரில் ஓவியக் கண்காட்சி நடக்கும் இடம். போன வருடம் அங்கே போயிருந்தபோது என் வயதுப் பெண்மணி ஒருவர் தன் பேத்தியிடம், "இங்கே பெட்ரோல் வாடை அடிக்கும், நீலம் நீலமாக நிற்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதிரி ஒரு வாக்கியம் அம்மாவிடமிருந்து வந்தால், வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். மகனை போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவனுக்கு பஸ்மேல் இருக்கிற ஆசை நல்ல ஆசை. பாட்டியிடம் அவன் கேட்கிற கேள்வி நமக்குத் தோன்றாது: படி எவ்வளவு உயரம், பெஞ்சு மரமா தோலா, கம்பு எகிறியதைப் பார்த்தாரா, டிக்கெட் என்ன விலை.

கடைசியாக ஒன்று. படியோரம் காக்கிச் சட்டையில் ஒரு தோளும் கையும் தெரிவதாக எழுதியிருக்கிறீர்கள். அதையும் வெட்டிவிட வேண்டாம். அது என் பெரியப்பாவாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாதையில் வேலை செய்தவர்கள் பலர். ஆனால் என்னிடமிருக்கும் படத்தில் பெயர் தெரியாத மூவர் நிற்கிறார்கள், அதில் ஒருவர் இடது மணிக்கட்டில் கைக்கடிகாரத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறார். உங்கள் படத்தில் தெரிவது எந்தக் கை, அதில் கடிகாரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு என் வணக்கம்.