சிறியிலை நெல்லி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம் எனக்கு. ஆறு வருடமாக மேடையில் பேசுகிறேன், அதுதான் பிழைப்பு. பட்டிமன்றம், பள்ளி ஆண்டு விழா, தன்னம்பிக்கை வகுப்பு என்று யார் கூப்பிட்டாலும் போவேன். எந்தத் தலைப்பு தந்தாலும் இரண்டு நாளில் தயாராகிவிடுவேன். போன மாதம் ஒரு கூட்டம் முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பேசற தம்பி. ஆனா நீ சொன்னதுல எனக்குத் தெரியாதது ஒண்ணுமில்லையே" என்றார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. ஒரே விஷயத்தில் ஆழமாக இறங்கலாமா? எதை எடுப்பது? எடுத்தால் மற்ற கூட்டங்கள் போய்விடாதா? எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் பல்லில் கறை. நானும் வாயைப் பொத்திச் சிரித்தே வளர்ந்தவன். மேடைதான் என்னை நிமிர வைத்தது, அதை இழக்க முடியாது.

வி., பாலக்கோடு

அன்புள்ள வி.,

அந்த ஆசிரியர் உங்களுக்குச் செய்தது பெரிய உதவி. எனக்கு அதைச் செய்தவர் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர்.

பென்னாகரம் தாண்டி ஒரு ஊர்த் திருவிழா. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி தந்த கதையை முக்கால் மணி நேரம் பேசினேன். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை காய்க்கும் கனி என்றேன். நல்ல கைதட்டல். இறங்கி டீ குடிக்கும்போது, தோளில் கம்பளியோடு அவர் வந்தார். "ஐயா, பாட்டுல சிறியிலை நெல்லின்னு சொன்னீங்க. அது மலைநெல்லியா, அரநெல்லியா? ரெண்டுக்கும் இலை வேற வேறயாச்சே."

புறநானூற்றின் 91ஆம் பாட்டு எனக்குத் தலைகீழ்ப் பாடம். இலையைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவரே மலைக்குக் கூட்டிப்போய் ஒரு கிளையை வளைத்துக் கையில் தந்தார். புளிய இலையைவிட மெல்லிசு. ஈர்க்கின் இரண்டு பக்கமும் நெருக்கி அடுக்கிய துளித்துளி இலைகள், சற்றுத் தள்ளிப் பார்த்தால் பறவையின் இறகு போல. அரநெல்லியின் இலையோ விரல் நீளம்கூட வரும். ஔவை மரத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்!

வீட்டுக்கு வந்து பாட்டை வரிவரியாகப் படித்தேன். பெரிய மலைப் பிளவில், ஏற அரிய உச்சியில் பறித்த கனி. அதன் பயனை வெளியே சொல்லாமல் நெஞ்சுக்குள் அடக்கி, சாவு நீங்க எமக்குத் தந்தாய். அவ்வளவுதான். பன்னிரண்டு வருடக் கணக்கு அந்தப் பாட்டில் இல்லை. யாரோ பேசியதைக் கேட்டு நானும் பேசிவந்திருக்கிறேன். அன்றோடு நிறுத்தினேன். பிறகு கல்வெட்டுப் பக்கம் போனேன். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கண்டெடுத்த, தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டில் 'அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி' என்று வருகிறது. ஈத்த என்றால் தந்த, பாளி என்றால் துறவிகள் தங்கும் குகை. புறநானூற்றுப் பாட்டு முடிகிற சொல் 'ஈத்தனையே'. பாட்டிலும் 'ஈத்த', கல்லிலும் 'ஈத்த'. இதைக் கண்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இன்று அந்தக் கதையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். மீதி நேரமெல்லாம் இலைக்கும் கல்லுக்கும்தான்.

எதை எடுப்பது என்று கேட்கிறீர்கள். கடிதத்தின் கடைசியில் நீங்களே எழுதிவிட்டீர்கள் தம்பி. உங்கள் வகுப்பில் பாதிப் பேர் பல்லில் இருக்கும் கறை நம் தருமபுரி மாவட்டத்துத் தண்ணீர் தந்தது. பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து ஆழ்துளைக் கிணற்றில் ஏறுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பல் உருவாகிற சிறுவயதில் குடித்தது கறையாக நிற்கிறது. அளவு மிகுந்த தண்ணீரைப் பல வருடம் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் இறங்குகிறது. இதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியது. இவ்வளவையும் இரண்டு நாளில் படித்துப் பேசிவிடலாம். அப்போது ஒரு அம்மா எழுந்து, "காய்ச்சிக் குடிச்சா போயிடுமா?" என்று கேட்டால்? போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். "ஆமாம் அம்மா" என்று நீங்கள் தலையாட்டினால், அந்த வீட்டுக் குழந்தைகள் அதை நம்பிக் குடிப்பார்கள். மேடையில் பேசுகிறவனின் பொறுப்பு எவ்வளவு பெரிது என்று அந்த இடத்தில்தான் தெரியும்.

படிப்போடு கால்நடையாகவும் அலையுங்கள். உங்கள் ஊர்த் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துச் சோதித்து, அந்தத் தாளோடு மேடை ஏறுங்கள். பல் மருத்துவர் ஒருவரிடம் உங்கள் பேச்சைப் பேசிக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் கால் மணி நேரம் கேள்விக்கு ஒதுக்குங்கள். பதில் தெரியாத கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு, கேட்டவரின் போன் நம்பரையும் வாங்கி வாருங்கள். என்னிடம் அப்படி மூன்று நோட்டு இருக்கிறது. நான் படித்த எந்தப் புத்தகத்தைவிடவும் எனக்கு அதிகம் கற்றுத் தந்தவை அவை.

கூட்டம் குறையுமா என்றால், முதல் ஓரிரு வருடம் குறையலாம். பட்டிமன்றத்தை இப்போதே விட்டுவிடாதீர்கள், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் சொல்ல வருகிற பிரசங்கியாரை நினைத்துப் பாருங்கள். கேட்பவர்கள் சின்ன வயதிலிருந்தே அறிந்த கதை. வில்லிபாரதத்தின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் ஊறியவர் அவர், வேறு தலைப்பு எதுவும் பேசுவதில்லை. திருவிழா வந்தால் ஊர்க்காரர்கள் அவர் வீடு தேடி வருகிறார்கள்.

அந்த ஆசிரியரை மறுபடி போய்ப் பாருங்கள். ஊரில் முதல் ஆழ்துளைக் கிணறு எந்த வருடம் போட்டார்கள், அதற்கு முன்னால் எந்தக் கிணற்றில் குடித்தார்கள், அப்போது பிள்ளைகளின் பல் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.