அன்டூ: டீச்சரிடம் கேளுங்கள்

கே (செந்தூல்): கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் இசட் அழுத்துவதுதானே ஆங்கிலத்தில் அன்டூ (undo)? சட்டைப் பொத்தானுக்கும் ஏன் அதே சொல்?

ப: சட்டைதான் மூத்தது, கம்ப்யூட்டர் நேற்று வந்தது. பூட்டியதோ கட்டியதோ மாட்டியதோ, அதைப் பழையபடி ஆக்கினால் அன்டூ. பொத்தான், ஜிப், ஷூ கயிறு, முடிச்சு எல்லாவற்றுக்கும் ஓடும். ஆனால் பொத்தானை அன்டூ செய்தாலும் சட்டை உடம்பில்தான் இருக்கும், கழற்றுவதற்கு டேக் ஆஃப். பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் வாசலில் பாருங்கள், பிள்ளைகள் கயிற்றைத் தொடாமலே ஒரு குதிகாலை இன்னொரு காலால் மிதித்து ஷூவை உருவுவார்கள், பின்பக்கம் நசுங்கிப் போகும். அங்கே டேக் ஆஃப் நடந்தது, அன்டூ நடக்கவில்லை.

கே: இறந்தகாலம் என்ன டீச்சர்?

ப: அன்டிட். அடுத்த வடிவம் அன்டன்.

கே (பிரிக்பீல்ட்ஸ்): அன்டன் என்றால் செய்யாத வேலை என்கிறார் என் மேனேஜர்.

ப: அவரும் சரி. லெஃப்ட் அன்டன் என்றால் செய்யாமல் விட்டது, கேம் அன்டன் என்றால் தானாக அவிழ்ந்தது. வினையில் ஒட்டும் ‘அன்’ பெரும்பாலும் செய்ததைத் திருப்பும், பெயரடையில் ஒட்டினால் ‘இல்லை’ என்று சொல்லும். அதனால்தான் அன்லாக்கபிள் என்பதை, பூட்டைத் திறக்கலாம், பூட்டவே முடியாது என்று இரண்டு விதமாகவும் படிக்கலாம். அன்லூஸன் ஓர் அடங்காத பிள்ளை, அதற்கும் லூஸனுக்கும் தளர்த்துவது என்ற ஒரே பொருள்தான்.

கே (ஜெலுத்தோங்): ஷூவைக் கழற்றச் சொல்ல எங்கள் வீட்டில் ‘ஓப்பன் யுவர் ஷூஸ்’தான். எல்லாருக்கும் புரிகிறதே லா, என்ன தப்பு?

ப: கோப்பிக்கடையில் ஒரு தப்பும் இல்லை. எஸ்பிஎம் பரீட்சைத் தாளில் எழுதாதீர்கள், அவ்வளவுதான். மலாயில் கதவுக்கும் விளக்குக்கும் சட்டைக்கும் காலணிக்கும் ‘திற’ என்று பொருள்படும் ‘புக்கா’ ஒன்றே போதும், அது அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு ஆச்சரியம் நம் பிள்ளைகள்தான். வீட்டில் விளக்கைப் போடுகிறோம், செருப்பைக் கழற்றுகிறோம், முடிச்சை அவிழ்க்கிறோம், கதவைத்தான் திறக்கிறோம். இவ்வளவு பிரித்துப் பேசத் தெரிந்த பிள்ளை, ஆங்கிலம் என்றதும் எல்லாவற்றையும் திறக்கிறது!

கே (பாயான் லெப்பாஸ்): இது நம் மலேசிய ஆங்கிலம், வெள்ளைக்காரனிடம் ஏன் அனுமதி கேட்க வேண்டும்?

ப: யாரிடமும் கேட்க வேண்டாம் தம்பி. இரண்டையும் தெரிந்துகொண்டு இடம் பார்த்துப் பேசுங்கள் என்கிறேன். ஒன்று மட்டும் தெரிந்தவருக்குத் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

கே (அதே தம்பி): அப்போது ‘ஓப்பன் தி லைட்’?

ப: அதற்கும் இதே பதில்தான். இனி இந்த ஓப்பன் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

கே (சுங்கை டூவா): சீட் பெல்ட்டுக்கு அன்டூவா, அன்ஃபாஸனா?

ப: இரண்டும் சரி. விமானத்தில் அறிவிப்பது அன்ஃபாஸன். நடுவில் டி ஒலிக்காது, லிஸன் மாதிரி. எத்தனை தடவை சொன்னாலும் ‘ஃபாஸ்டன்’ என்கிறீர்கள்.

கே: இறந்தகாலம் அன்டூட் தானே?

ப: மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

கே (அதே சுங்கை டூவா): பையன் பள்ளிப் பையில் ஜிப் மாட்டிக்கொண்டது, அன்டூ ஆகவே மாட்டேன் என்கிறது.

ப: அதற்கு ஆங்கிலம் வேண்டாம் அம்மா. மெழுகுவர்த்தியை ஜிப் பல்லில் நன்றாகத் தேய்த்துவிட்டு மெதுவாக இழுங்கள்.