நிர்வாகத்தின் அடிப்படை வேலைகள் என்ன? அதில் புத்தாக்கத்துக்கு இடம் எங்கே?

பலரைச் சேர்த்து ஒரு வேலையை முடிக்க வைப்பதுதான் நிர்வாகம். பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி ஃபயோல் 1916-இல் இதை ஐந்தாகப் பிரித்தார்: திட்டமிடுதல், ஒழுங்கமைத்தல், கட்டளையிடுதல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்துதல். இன்றைய பாடநூல்கள் பெரும்பாலும் நான்காகச் சுருக்கிவிட்டன. எண்ணிக்கை முக்கியமில்லை.

சிக்கல் கடைசி வேலையில்தான் இருக்கிறது. கட்டுப்படுத்துதல் என்றால் திட்டத்திலிருந்து எது விலகியது என்று பார்த்துத் திருத்துவது. புதுமையோ பிறப்பதே விலகலில்! அதனால் கண்டிப்பான நிறுவனத்தில் நல்ல யோசனையும் பிழையோடு பிழையாகக் களையப்பட்டுவிடும்.

அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் 1968-இல் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் வலுவான பசை தேடப்போய், லேசாக ஒட்டி எளிதில் உரியும் பசையைக் கண்டார். கணக்குப்படி அது தோல்வி. சில ஆண்டுகள் கழித்து, பாட்டுப் புத்தகத்தில் பக்கக்குறி நழுவி விழுவதால் அலுத்துப்போன ஆர்ட் ஃப்ரை என்ற சக ஊழியருக்கு அந்தப் பசை நினைவுக்கு வந்தது. அப்புறம் வந்ததுதான் போஸ்ட்-இட் என்ற, ஒட்டி உரிக்கக்கூடிய குறிப்புச் சீட்டு. ஊழியர்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்பது அந்த நிறுவனத்தின் பழைய வழக்கம்.

வீட்டுச் சமையலும் இப்படித்தான். விருந்தாளி வரும் நாளில் யாரும் புதுப் பதார்த்தம் முயல்வதில்லை. ஓய்வான நாளில், கெட்டாலும் பரவாயில்லை என்றுதான் முயல்வோம். அந்த ஓய்வான நாளை ஒதுக்கித் தருவதும் நிர்வாகத்தின் வேலையே.

புத்தாக்கம் என்றதும் பலர் புதுக் கண்டுபிடிப்பை மட்டும் நினைக்கிறார்கள். இருக்கிற வேலையை வேறு வழியில் செய்து பயன் பெறுவதும் புத்தாக்கம்தான்.