வீட்டில் கட்டிய வால்வு கிதார் ஆம்ப்ளிஃபயர்: இரைச்சல் எங்கிருந்து நுழைகிறது?

கேள்வி: ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட்டைப் பார்த்து நானே ஒரு ஆம்ப் கட்டியிருக்கிறேன். 12ஏஎக்ஸ்7 (முதல் கட்டப் பெருக்கி), 6வி6 (ஸ்பீக்கரை ஓட்டுவது), 5ஒய்3 (ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர்) மூன்று வால்வுகள், 8 இஞ்ச் ஸ்பீக்கர். வாசிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் நிற்பதில்லை. கிதாரைச் சொருகினால் அதோடு ஒரு 'ஜ்ஜ்ஜ்' சேர்கிறது. கம்பியைத் தொட்டால் குறைகிறது. இருபது நிமிடம் ஓடிய பிறகு அவ்வப்போது படபடவென்று பொரிகிறது. எல்லா கப்பாசிட்டரையும் மாற்றிவிடலாமா? பிளக்கில் எர்த் ஒயரைக் கழற்றினால் ஹம் போய்விடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். எர்த் ஒயரில் கை வைக்காதீர்கள். உள்ளே 350 வோல்ட்டை ஒட்டி டிசி ஓடுகிறது, சர்க்யூட்டைத் தாங்கும் சேஸிஸ் இரும்பு, கிதார் கம்பிகள் அந்தச் சேஸிஸோடு இணைந்தவை, கம்பியைப் பிடித்திருப்பது உங்கள் கை. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு இன்சுலேஷன் போனால் ஃபியூஸை எரித்து உங்களைக் காப்பது அந்த எர்த்தான். அதைக் கழற்றி ஹம் குறைந்தாலும் பழுது அங்கேயேதான் இருக்கும்.

கப்பாசிட்டரையும் இப்போது தொட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஒரு பழுதல்ல, மூன்று. ஒவ்வொன்றும் வேறு வழியில் நுழைகிறது. எது எங்கே நுழைகிறது என்று தெரியாமல் பாகம் மாற்றினால் காசு போகும், இரைச்சல் போகாது.

வேலைக்கு முன் மூன்று கட்டுப்பாடுகள். ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். உள்ளே கை வைக்கும் முன் பிளக்கை உருவி, டிசியை வடிகட்டும் ஃபில்டர் கப்பாசிட்டரின் பிளஸ்ஸுக்கும் சேஸிஸுக்கும் இடையே 10 கே, 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் பத்து விநாடி பிடியுங்கள்; பிறகு மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். வயரிங்கை மாற்றிய பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது 60 வாட் இழை பல்பை சீரீஸில் போடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து சொல்லிவிடும்.

முதலில் ஹம். உங்கள் சர்க்யூட்டில் 12ஏஎக்ஸ்7 ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு; வால்யூம் பாட் அந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவே இருக்கிறது. வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் ஹம் கேட்கிறது என்றால் முதல் பாதி, இன்புட் ஜாக், கிதார் மூன்றும் குற்றவாளிகள் இல்லை. மிச்சம் இரண்டாம் பாதி, 6வி6, பவர் சப்ளை, டிரான்ஸ்ஃபார்மர்கள்.

அடுத்து அதன் சுருதியைப் பிடியுங்கள். கிதாரின் தடித்த ஈ கம்பியில் மூன்றாம் ஃப்ரெட் ஜி சுரம், 98 ஹெர்ட்ஸ். உங்கள் ஹம் அதோடு ஏறக்குறைய ஒட்டினால் அது 100 ஹெர்ட்ஸ், அதாவது ரெக்டிஃபை ஆன பிறகு டிசியில் மிஞ்சிய ஏற்ற இறக்கம், ரிப்பிள். அதற்கு ஓர் எட்டுச் சுரம் கீழே, கேட்பதைவிட நெஞ்சில் உணர்வதுபோல் இருந்தால் 50 ஹெர்ட்ஸ்: வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் ஒயரிலிருந்தோ டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்திலிருந்தோ வருவது. 8 இஞ்ச் ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸை ஒழுங்காக ஒலிக்காது என்பதால் காதை அருகில் வைத்துக் கேளுங்கள்.

இனி வால்வுகளைக் கழற்றிப் பாருங்கள். ஆஃப் செய்து 12ஏஎக்ஸ்7ஐ மட்டும் எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஹம் போய்விட்டால் இரண்டாம் பாதியும் அதன் ஹீட்டரும். போகவில்லை என்றால் 6வி6 பக்கம். பிறகு 5ஒய்3 உட்பட மூன்றையும் கழற்றி, ஸ்பீக்கர் மட்டும் மாட்டிய நிலையில் ஆன் செய்யுங்கள். ரெக்டிஃபயர் சாக்கெட்டில் அப்போதும் ஆபத்தான ஏசி இருக்கும், விரல் போகக் கூடாது. வால்வே இல்லாமல் ஸ்பீக்கரில் ஹம் கேட்டால், பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் நேராக அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஏறுகிறது. எந்தக் கப்பாசிட்டரும் அதைத் தீர்க்காது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை 90 டிகிரி திருப்பியும் தள்ளியும் பார்த்து, ஹம் அடங்குகிற இடத்தில் முடுக்குங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த சர்க்யூட் 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக வரையப்பட்டது. நம் ஊரில் 50. படத்தில் இருக்கும் 16, 8, 8 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர்கள் அங்கே வடிகட்டிய அளவு இங்கே வடிகட்டாது. முதல் கப்பாசிட்டருக்குப் பின் வரும் 10 கே ரெசிஸ்டரும் 8 மைக்ரோவும் சேர்ந்து 120 ஹெர்ட்ஸ் ரிப்பிளை ஏறக்குறைய 60இல் ஒரு பங்காக்கும். 100 ஹெர்ட்ஸில் 50இல் ஒரு பங்குதான். அந்த 8ஐ 22ஆக மாற்றினால் 140இல் ஒரு பங்கு. ஆகவே உங்கள் ஹம் 100 ஹெர்ட்ஸ் என்று உறுதியானால், இரண்டாவது, மூன்றாவது கப்பாசிட்டர்களை மட்டும் 22 மைக்ரோ, 450 வோல்ட் ஆக்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் தாராளமாகக் கிடைக்கும். முதலாவதை 20ஐ ஒட்டியே வையுங்கள். அதை 47, 100 என்று ஏற்றினால் 5ஒய்3 தாங்காது. பவர் டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த அமெரிக்கச் சரக்கா, ஸ்டெப் டவுன் போட்டு ஓட்டுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் அதன் கோர் இங்கே அதிகம் திணறும், சூடாகும், காந்தப்புலத்தையும் கூடுதலாகக் கசியவிடும். உள்ளூர் வைண்டிங் கடையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று சொல்லிச் சுற்றிக்கொள்வதே மேல்.

50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டரைப் பாருங்கள். பழைய சாம்ப்களில் 6.3 வோல்ட்டின் ஒரு முனையைச் சேஸிஸில் இணைத்துவிட்டு ஒற்றை ஒயரை ஓட்டியிருப்பார்கள். செலவுக்குச் சிக்கனம், ஹம்முக்கு விருந்து. அந்தச் சேஸிஸ் இணைப்பை வெட்டுங்கள். இரண்டு ஒயர்களையும் இறுக்கமாக முறுக்கி, சேஸிஸின் மூலையை ஒட்டி ஓட்டுங்கள். இரண்டு முனைகளிலிருந்தும் தலா 100 ஓம் ரெசிஸ்டரை எடுத்து ஓரிடத்தில் சேருங்கள். டிரான்ஸ்ஃபார்மரிலேயே ஹீட்டர் சென்டர் டேப் இருந்தால் இந்த ரெசிஸ்டர்கள் வேண்டாம், அந்த டேப்பே போதும். சேர்ந்த புள்ளியைச் சேஸிஸுக்குக் கொடுப்பதைவிட 6வி6இன் 8ஆம் பின்னுக்கு, அதாவது அதன் கேத்தோடுக்கு (எலெக்ட்ரான் கிளம்பும் முனை), கொடுப்பது சிறப்பு. அங்கே 20 வோல்ட் அளவில் டிசி இருக்கும். அதனால் ஹீட்டர் 12ஏஎக்ஸ்7இன் கேத்தோடைவிட பாசிட்டிவாகி, ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்கு எலெக்ட்ரான் தாவுவது நின்றுவிடும். எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இதுதான்; ரெசிஸ்டர் இரண்டுக்கும் சில ரூபாய்தான்.

இவற்றுக்கெல்லாம் அடியில் கிரவுண்ட் வயரிங். நானே கட்டிய ஆம்ப் என்று யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் பார்க்கும் இடம் அது. முதல் ஃபில்டர் கப்பாசிட்டர் சார்ஜ் ஆவது சீராக அல்ல, விநாடிக்கு 100 முறை உதைப்பாக. பவர் டிரான்ஸ்ஃபார்மரில் உயர் வோல்டேஜ் தரும் ஹெச்டி வைண்டிங்கின் சென்டர் டேப் அந்தக் கப்பாசிட்டரின் மைனஸுக்கு நேராகப் போக வேண்டும். அதை விட்டு, 12ஏஎக்ஸ்7இன் கிரவுண்டும் போகிற ஒயரில் அதைச் சேர்ப்பது, லாரி ஓடும் தெருவில் தொட்டில் கட்டுவது போல. சென்டர் டேப், முதல் கப்பாசிட்டர், 6வி6இன் கேத்தோட் ரெசிஸ்டர் மூன்றும் பவர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒரு புள்ளியில். 12ஏஎக்ஸ்7 சம்பந்தப்பட்டவை எல்லாம் இன்புட் ஜாக் பக்கம் இன்னொரு புள்ளியில். மெயின்ஸ் எர்த்துக்குத் தனி போல்ட், அதில் வேறெதுவும் வேண்டாம்.

இரண்டாவது, கிதாரைச் சொருகினால் வரும் 'ஜ்ஜ்ஜ்'. கம்பியைத் தொட்டால் குறைகிறது என்பது நல்ல செய்தி. கிதாரின் கிரவுண்ட் சரியாக இருக்கிறது. அறையில் பரவும் மின் இரைச்சலை உங்கள் உடம்பு ஆன்டெனாபோல வாங்குகிறது, தொட்டதும் கிரவுண்ட் ஆகிவிடுகிறது. தொட்டால் கூடியிருந்தால்தான் கேபிளையும் ஜாக்கையும் பிரிக்கச் சொல்லியிருப்பேன். ஃபேன் ரெகுலேட்டர் வழுவழுவென்று சுற்றும் டயல் வகை என்றால் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். டிரையாக் வெட்டி வெட்டிக் கொடுக்கும் மின்சாரம் சிங்கிள் காயில் பிக்கப்பில் அப்படியே ஏறும். படிப்படியாக நிற்கும் கப்பாசிட்டர் வகையில் இந்தத் தொல்லை இல்லை. மலிவான எல்இடி விளக்கும் அப்படித்தான். கிதாரை மெல்லத் திருப்பினால் ஒரு திசையில் இரைச்சல் சட்டென்று அடங்கினால், பழுது ஆம்ப்பில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பொரிவது மூன்றாவது. சூடான பிறகு வருவதால் சாலிடர், வால்வு சாக்கெட், 12ஏஎக்ஸ்7இன் பிளேட்டுக்கு (எலெக்ட்ரான் வந்து சேரும் முனை) போகும் 100 கே ரெசிஸ்டர்கள் என்று என் சந்தேகம் போகிறது. ஆம்ப் ஓடும்போதே காய்ந்த மூங்கில் குச்சியால், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பையும் மெல்லத் தட்டுங்கள். எந்த இடத்தில் தட்டும்போது பொரிகிறதோ அங்கே சாலிடரை உருக்கிப் புதிதாக வையுங்கள். பழைய தோற்றத்துக்காகக் கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் போட்டிருந்தால், பிளேட் இரண்டிலும் மெட்டல் ஃபிலிம் போடுங்கள். 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து குறையும். டோன் கெட்டுவிடும் என்று யாராவது சொல்வார்கள். இந்த இரண்டு இடங்களில் அதை நான் நம்புவதில்லை.

இன்னொரு சாத்தியத்தையும் விடக் கூடாது. 6வி6இன் 5ஆம் பின்னில் டிசி வோல்டேஜ் பாருங்கள், சூடான பிறகு. பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில் பாசிட்டிவாக ஏறினால் அதற்கு முன்னுள்ள 0.02 மைக்ரோ கப்ளிங் கப்பாசிட்டர் (டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் விடுவது) கசிகிறது; அப்போது 6வி6 அளவுக்கு மேல் இழுத்து ஹம்மையும் கூட்டும், தானும் சீக்கிரம் எரியும். வால்யூமைத் திருப்பும்போது கரகரத்தால் முதல் கப்ளிங் கப்பாசிட்டரையும் சந்தேகியுங்கள்.

ஊளையிடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எனவே ஸ்பீக்கரிலிருந்து 12ஏஎக்ஸ்7க்குத் திரும்பும் ஃபீட்பேக் ஒயர் சரியான முனையில்தான் இருக்கிறது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி ஒயர்களை மாற்றிப் பார்க்க வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்த பிறகும், ஸ்பீக்கரை ஒட்டிக் காது வைத்தால் கொஞ்சம் ஹம் இருக்கும். இது ஒற்றை 6வி6 ஆம்ப். இரண்டு வால்வுகள் எதிரெதிராக இயங்கும் புஷ்-புல்லில் போல ரிப்பிள் தனக்குத்தானே கழிந்துபோக இங்கே வழியில்லை. நான்கடி தள்ளி உட்கார்ந்து வாசிக்கும்போது கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இந்தச் சோதனை எதையும் கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும் நேரத்தில் செய்யாதீர்கள்; சதுர அலை இன்வெர்ட்டரில் நல்ல ஆம்ப்பும் ரீங்கரிக்கும். தீராவிட்டால் மீண்டும் எழுதுங்கள்: 6வி6இன் 3, 4, 5, 8 பின்களின் டிசி வோல்டேஜ், 12ஏஎக்ஸ்7 கழற்றியபோது ஹம் என்ன ஆனது, அதன் சுருதி எது. கிரவுண்ட் வயரிங்கின் படம் ஒன்றும் கூட அனுப்புங்கள்.