சூடு எவ்வளவு வைக்கலாம்?

கேள்வி: நியூகினியாவின் போலன்ஸ் மலைப்பாம்பு வளர்க்க ஆசை. வெப்பமண்டலப் பாம்புதானே, கூண்டை 34 டிகிரியில் வைத்தால் போதுமா? தனியாளாகச் சமாளிக்க முடியுமா?

பதில்: 34 வேண்டவே வேண்டாம்! வெப்பமண்டலம் என்றாலே சூடு என்று நினைத்து எல்லோரும் முதலில் விளக்கைத்தான் வாங்குகிறார்கள். இது மலைக்காட்டுப் பாம்பு. பெரும்பாலும் 1000 மீட்டருக்கு மேல் வாழ்வது, அங்கே இரவில் நன்றாகவே குளிரும். கூண்டின் ஒரு மூலையில் மட்டும் 30 டிகிரிக்கு மிகாத சூடு இருக்கட்டும். மற்ற இடம் 24, 25 போதும், இரவில் இன்னும் குறையலாம். தெர்மோஸ்டாட் (சூட்டை வைத்த அளவிலேயே நிறுத்தும் கருவி) இல்லாமல் ஹீட்டரை மாட்டாதீர்கள்.

குட்டியைப் பார்த்து, வேறு பாம்பைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். குட்டியில் செம்பழுப்பாகத்தான் இருக்கும். அந்த வானவில் மினுக்குள்ள கறுப்பு வளர வளரத்தான் வரும்.

கூண்டில் இது குஞ்சு பொரிப்பது அபூர்வம். அதனால் காட்டில் பிடித்ததை விற்பவர்கள் உண்டு. தாடைக்கு அடியிலும் கண்ணைச் சுற்றியும் செதில் இடுக்கில் உண்ணி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். மலைப்பாம்புகள் எல்லாமே சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. அதற்கான அனுமதிக் காகிதம் காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

தனியாளாகவா? குட்டியாக இருக்கும்வரை சரி. இரண்டரை மீட்டரைத் தொட்டுவிட்டால் கூண்டைத் திறக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். இரை கொடுக்காத நாளில், திறந்ததும் கொக்கிக் கம்பியால் உடம்பில் லேசாகத் தொடுங்கள். இன்று சாப்பாடு இல்லை என்று பழகிவிடும். அப்புறம், எலியைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் உள்ளே விடாதீர்கள்.